கறி, கரில், கர்ரி

சில வருடங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை மதியம் யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவனின் வீட்டுக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்த கையோடு அவன் அம்மா கேட்டார்: "வாங்கோ தம்பி, சாப்பிட்டனீங்களோ? இண்டைக்கு வீட்டில என்ன கறி?"

"எங்க வீட்ல சனிக்கிழமை கறி சமைக்க மாட்டாங்கம்மா" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப வெறுஞ்சோறோ தம்பி சாப்பிட்டனீங்கள்?"

நண்பன் உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்று விளக்கினான். எனக்குக் கறி என்றால் ஆட்டிறைச்சி. அவருக்குச் சோற்றோடு சேர்ந்து வரும் எல்லாமே கறி. இருந்தாலும் அவர் என்னைச் சும்மா விடவில்லை. இலை போட்டு, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பரிமாறினார். பருப்புக் கறி, கத்தரிக்காய்ப் பால் கறி, பூசணிக்காய்க் கறி, கீரைக் கறி. கறியே கிடையாது என்று நான் சொன்ன சனிக்கிழமையில் என் இலையில் நான்கு கறிகள் இருந்தன.

அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவே இல்லை. காரணம், அந்த அம்மா சொன்ன பொருளை நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன், ஆனால் தமிழில் அல்ல. ஆங்கிலத்தில் 'கர்ரி' என்று சொல்பவர்கள் அதைத்தானே சொல்கிறார்கள்? பருப்பும் கர்ரி, மீனும் கர்ரி, உருளைக்கிழங்கும் கர்ரி. என் அகராதியைவிட அந்த அம்மாவின் அகராதி ஆங்கிலத்துக்கு நெருக்கமாக இருந்தது. இது எப்படி?

இன்னொரு பேச்சையும் நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன். "கர்ரி என்று நம்மிடம் ஒன்றும் கிடையாது, அது வெள்ளைக்காரன் கட்டிவிட்ட பெயர்" என்பது. நம் சமையலைப் பற்றிய அக்கறையில் சொல்லப்படுவதுதான். நானும் ஒரு காலத்தில் அப்படியே நம்பி, நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். இப்போது அது தவறு என்று நினைக்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

சங்க இலக்கியத்தில் 'கறி' என்று வந்தால், பெரும்பாலும் அது மிளகு. குறுந்தொகையில் 'கறிவளர் அடுக்கத்து' என்று வருவது மிளகுக்கொடி படர்ந்த மலைச்சரிவு. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் வந்து குவியும் பொருள்களில் ஒன்று 'காலின் வந்த கருங்கறி மூடை', அதாவது வண்டியில் வந்து இறங்கிய மிளகு மூட்டை. எல்லாவற்றுக்கும் மேலாக அகநானூற்றின் 149ஆம் பாட்டு. எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியது. சுள்ளியம் பேரியாற்றின் வெண்ணுரை கலங்க யவனர்களின் கப்பல் மேற்குக் கரைத் துறைமுகமான முசிறிக்கு வருகிறது. 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்கிறார் புலவர். பொன்னைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு மிளகை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போகிறது. ஒரு முழு வணிகமும் நான்கே சொற்களில் அடங்கிவிட்டது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த வரி அலுப்பதில்லை.

யவனர்கள் பொருளை எடுத்துப்போனார்கள், சொல்லை எடுத்துப்போகவில்லை. கிரேக்கத்தில் மிளகுக்குப் 'பெபெரி'. அது வடமொழிப் 'பிப்பலி'யிலிருந்து, அதாவது திப்பிலியின் பெயரிலிருந்து போனது. இன்றைய ஆங்கிலப் 'பெப்பர்' வரைக்கும் அந்த வழிதான். கறி என்ற சொல் முசிறித் துறையில் கப்பலேறவில்லை. அதற்குப் பிறகு ஆயிரத்தைந்நூறு வருடங்கள் உள்ளூரிலேயே இருந்து வேறு வேலை பார்த்தது.

பெரும்பாணாற்றுப்படையில் ஓர் அழகான சமையல் குறிப்பு இருக்கிறது. பசுவின் மோரிலிருந்து எடுத்த வெண்ணெயில் மாதுளையின் பச்சைக்காயைத் துண்டுபோட்டு, கறி கலந்து, 'கஞ்சக நறுமுறி அளைஇ' என்று போகும் அடிகள். கஞ்சகம் என்பது கறிவேப்பிலை. மிளகும் கறிவேப்பிலையும் போட்டு வெண்ணெயில் வதக்கிய மாதுளங்காய்! இங்கே கறி இன்னும் மிளகுதான். ஆனால் அது காய்மேல் தூவப்பட்டு அடுப்பில் இருக்கிறது. மிளகு சேர்த்துச் சமைத்ததற்கே மிளகின் பெயர் வந்துவிடுவதற்கு இங்கிருந்து எவ்வளவு தூரம் இருந்துவிடப் போகிறது?

கறித்தல் என்ற வினையும் தமிழில் உண்டு. கடித்து மெல்லுதல் என்று பொருள். ஆடு இலையைக் கறிக்கிறது என்கிறோம். கடித்துத் தின்பதெல்லாம் கறி என்று அந்த வழியாகவும் பொருள் சொல்லலாம். என் மனம் மிளகின் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் இரண்டு வாய்க்காலும் ஒரே வயலுக்குப் பாய்ந்திருப்பதிலும் வியப்பில்லை.

பாண்டியர், சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகளுக்கு வந்தால் சொல் முழுசாக இடம் மாறிவிட்டது. இறைவனுக்குப் படைக்கும் அமுதுபடிகளைக் கணக்கெழுதும்போது நெய்யமுது, தயிரமுது என்ற வரிசையில் கறியமுதும் வருகிறது. காய்க்கறி, புளிங்கறி, பொரிக்கறி என்று அதன் வகைகளும் வருகின்றன. கோயில் மடைப்பள்ளியில் இறைச்சி கிடையாது. ஆகவே இந்தக் கறி சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் காய், கிழங்கு, புளிக்குழம்பு. என் நண்பனின் அம்மா சொன்ன அதே கறி, கல்லிலேயே வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் எனக்கு மிகவும் பிடித்த சான்று இருக்கிறது. இளையான்குடி மாறனார் வீட்டுக்கு மழை இரவில் அடியார் வருகிறார். வீட்டில் ஒன்றுமில்லை. விதைத்த நெல்லையே வாரிவந்து சோறாக்குகிறார்கள். சோற்றுக்குக் கறி? மாறனார் இருட்டில் தடவித் தடவிக் கொல்லையில் முளைத்திருந்த கீரையைப் 'பறித்தவை கறிக்கு நல்க', அவர் மனைவி அந்த ஒரே கீரையை ஆய்ந்து கழுவி 'வேறு வேறு கறியமுது' ஆக்குகிறார். வறுமையில் ஒரு கீரையைப் பல கறியாக்கிய அந்த அம்மையாரின் கைத்திறனுக்காகவே இந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். இதே நூலில்தான் சிறுத்தொண்டரின் கதையும் வருகிறது. மகனை அரிந்து சமைத்த பிள்ளைக்கறி. கீரையும் கறி, பிள்ளையின் ஊனும் கறி. சொல் எதில் செய்தது என்று பார்க்கவில்லை, சோற்றோடு என்ன உறவு என்று மட்டுமே பார்த்தது.

சரி, இனிக் கப்பலுக்கு வரலாம்.

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கியது மிளகுக்காக. அதாவது பழைய கணக்கில் கறிக்காக. யவனர்கள் ஏற்றிப்போன அதே சரக்கு, அதே கடற்கரை. ஆனால் இந்தமுறை வந்தவர்கள் சரக்கை வாங்கிக்கொண்டு உடனே திரும்பிவிடவில்லை. கோட்டை கட்டினார்கள், குடியேறினார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், உள்ளூர்ப் பெண்கள் சமைத்ததைச் சாப்பிட்டார்கள். அவர்கள் காதில் விழுந்தபோது கறி என்பது மிளகு அல்ல, சோற்றின்மேல் ஊற்றுவது. மிளகு கப்பலின் அடித்தட்டில் போனது, கறி அவர்கள் நாக்கில் போனது.

போர்த்துகீசியத்தில் அது 'கரில்' ஆனது. கோவாவில் இருந்த மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் வெளியிட்ட நூலில், தேங்காயைப் பற்றிப் பேசும் இடத்தில், கோழியிலும் இறைச்சியிலும் செய்து கரில் என்று அழைக்கும் உணவைக் குறிப்பிடுகிறார். 1620களில் மேற்குக் கரைக்கு வந்த இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே இன்னும் விரிவாக எழுதினார். வெண்ணெய், தேங்காய், ஏலக்காய், இஞ்சி, காய்கள், பழங்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். தேங்காய்ப்பாலை அவர் ஊர்க்காரர்களுக்குப் புரியவைக்கப் பாதாம் பாலை ஒப்பிடுகிறார். எல்லாவற்றையும் தின்னும் கிறிஸ்தவர்கள் இதிலேயே இறைச்சியும் மீனும் போடுவார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார். கடைசியில் இதை நிறையச் சோற்றின்மேல் ஊற்றுவார்கள் என்று முடிக்கிறார். காய் போட்டாலும் அது கரில், மீன் போட்டாலும் அது கரில்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஏறிய இடம் 1598இல் வந்த ஒரு மொழிபெயர்ப்பு. யான் ஹைஹென் வான் லின்ஸ்ஹோட்டன் என்ற டச்சுக்காரர் கோவாவில் சில வருடங்கள் இருந்து எழுதிய பயண நூலின் ஆங்கில வடிவம். மீனைக் குழம்பாக வைத்துச் சோற்றின்மேல் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள், பழுக்காத திராட்சையைப் போட்டு வேகவைத்தாற்போல் கொஞ்சம் புளிக்கும், ஆனால் நல்ல ருசி, அதன் பெயர் 'கரியேல்' என்று அதில் வருகிறது. ஒரு நல்ல மீன்குழம்பின் புளிப்பை விளக்க ஐரோப்பியக் கை திராட்சையைத் தேடிப்போயிருக்கிறது.

அந்த வாக்கியத்தின் கடைசியில் ஒரு சொல் இருக்கிறது, அதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். இதுவே அவர்களுடைய 'டெய்லி மீட்' என்று முடிகிறது. மீன்குழம்பும் சோறும் எப்படி 'மீட்' ஆகும்? அன்றைய ஆங்கிலத்தில் ஆகும். பழைய ஆங்கிலத்தில் 'மீட்' என்றால் எந்த உணவும்தான். அப்புறம்தான் அது இறைச்சிக்கு மட்டும் என்று குறுகியது. இனிப்புப் பண்டத்தை 'ஸ்வீட்மீட்' என்று சொல்வதில் பழைய பொருளின் எச்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் இறைச்சி ஏது?

தமிழ்நாட்டில் கறிக்கு நடந்ததும் இதேதான். சோற்றோடு உண்ணும் எல்லாமாக இருந்த சொல் மெல்லக் குறுகி, 'கறிக்கடை', 'கறிக்குழம்பு', 'கறிசோறு' என்று ஆட்டின் பின்னாலேயே போய்விட்டது. பழைய பொருள் எங்கெங்கோ பதுங்கியிருக்கிறது. காய்கறி என்று தினமும் சொல்கிறோம், அதில் கறி எங்கிருந்து வந்தது என்று நினைப்பதில்லை. கறிவேப்பிலையில் இருக்கிறது. சில வீடுகளில் வாழைக்காய்க் கறி, கத்தரிக்காய்க் கறி என்று பொரியலைச் சொல்வார்கள். வைணவ வீடுகளில் கறியமுது என்ற கல்வெட்டுச் சொல்லே புழங்குகிறது. ஈழத்தில் மட்டும் அது குறுகாமல் நடுக்கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கே காய்க்கு மரக்கறி என்று பெயர், மீனுக்கு மீன் கறி, எல்லாம் கறித்தூளில் வேகும்.

அதே தீவில் 1660இல் பிடிபட்டு, கண்டி அரசில் ஏறக்குறைய இருபது வருடங்கள் கைதியாக இருந்து தப்பியவர் ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கில மாலுமி. 1681இல் வந்த அவருடைய நூலில், பழுக்காத காய்களைப் பறித்து 'கரீஸ்' செய்வார்கள் என்று எழுதி, அது போர்த்துகீசியச் சொல் என்றும் சொல்லி, பொருளும் தருகிறார்: சோற்றோடு சேர்த்து உண்டு சோற்றுக்குச் சுவை கூட்டும் ஒன்று. எந்தப் பேரகராதியும் இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது என்று நினைக்கிறேன். அவருக்கு அது வழியில் பார்த்த வேடிக்கை அல்ல, இருபது வருடம் உண்ட சாப்பாடு.

எழுத்துக்கூட்டலில் ஒரு விஷயம். ஆங்கிலத்தில் இதை 'சி, யு, ஆர், ஆர், ஒய்' என்று எழுதுவதைப் பார்த்து, அந்த 'யு' எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்கிறார்கள். 'கட்', 'பஸ்' என்ற சொற்களில் வரும் ஒலியை நினைத்துப் பாருங்கள். நம்முடைய குறில் அகரத்துக்கு ஆங்கிலக் காதில் மிக நெருக்கமானது அந்த 'யு'தான். கல்கத்தாவை எழுதியபோதும் பண்டிதரை எழுதியபோதும் அதையே போட்டார்கள். மிளகுத்தண்ணீர் ஆங்கிலத்துக்குப் போய் 'மல்லிகடானி' சூப் ஆனபோதும் முதலெழுத்துக்குப் பின் அதே 'யு'. எனவே அந்த எழுத்துக்கூட்டல் சிதைவு அல்ல. அவர்கள் கேட்டதை அவர்கள் எழுத்தில் கவனமாகவே எழுதினார்கள்.

1747இல் லண்டனில் ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணியின் சமையல் நூல் வெளியானது. இந்திய முறையில் கர்ரி செய்வது எப்படி என்று அதில் ஒரு குறிப்பு. இரண்டு கோழி அல்லது முயல், சின்ன வெங்காயங்கள் மூன்று நான்கு, ஒரு கரண்டி அரிசி. கொத்தமல்லி விதையைச் சுத்தமான இரும்பு அள்ளியில் வைத்து நெருப்பில் வறுத்துப் பொடிக்கச் சொல்கிறார். மஞ்சள் இல்லை, மிளகாய் இல்லை. காரத்துக்கு முப்பது மிளகு.

முப்பது மிளகு! எண்ணிப் போடச் சொல்கிறார். தெரியாமலேயே அந்த அம்மையார் கறியில் கறியைப் போட்டிருக்கிறார். சொல்லுக்கும் பொருளுக்கும் நடுவில் அவ்வளவு காலமும் அவ்வளவு கடலும் கடந்தபிறகு, ஒரு லண்டன் சட்டிக்குள் இரண்டும் சேர்ந்து கொதித்திருக்கின்றன. நம் அடுப்பில் அதற்குள் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்த மிளகாய் காலூன்றத் தொடங்கிவிட்டது. மிளகு போலக் காரமான காய் என்பதால் மிளகாய்.

இதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் ஓரளவு தெரிந்த கதை. 1784இல் லண்டன் செய்தித்தாளில் கறிப்பொடிக்கு விளம்பரம், விற்றது ஒரு வாசனைத் திரவியக் கடை. பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகம்மது 1810இல் லண்டனில் 'இந்துஸ்தானி காபி ஹவுஸ்' என்ற உணவகத்தைத் திறந்தார். கர்ரி பிரிட்டன் வழியாக ஜப்பானுக்குப் போய் அங்கே 'கரே' ஆகி, இன்றும் அந்நாட்டுக் கடற்படையில் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு. 1949இல் பெர்லினில் ஹெர்டா ஹாய்வர் தொத்திறைச்சியின்மேல் தக்காளிச் சாறும் கறிப்பொடியும் தூவி விற்றது 'கர்ரிவுர்ஸ்ட்'. மலாய் மொழியில் அது இன்றும் 'காரி'. நம் உச்சரிப்புக்கு அவ்வளவு பக்கத்தில்.

இடையில் சில பொய் உறவுகளையும் ஒதுக்கிவிட வேண்டும். 1390 வாக்கில் இரண்டாம் ரிச்சர்டின் சமையல்காரர்கள் தொகுத்த ஏடு 'ஃபோர்ம் ஆஃப் க்யூரி' என்று அறியப்படுகிறது. அதை வைத்து இந்தச் சொல் ஆங்கிலத்திலேயே பிறந்தது என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் 'க்யூரி' பிரெஞ்சு வழியாக வந்தது, சமைத்தல் என்று மட்டும் பொருள். குதிரையைத் தேய்த்துவிடும் 'கர்ரி' இன்னொன்று, அதுவும் பிரெஞ்சு. ஒருவரைக் காக்காய் பிடிப்பதற்கு ஆங்கிலத்தில் 'கர்ரி ஃபேவர்' என்பார்கள். 1310களின் பிரெஞ்சுக் கவிதை ஒன்றில் வரும் ஃபோவெல் என்ற குதிரையைத் தேய்த்துவிட்டுக் காரியம் சாதிக்கும் கூட்டத்திலிருந்து பிறந்தது அது. நம் கறிக்கும் இவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வடக்கில் தயிரும் கடலைமாவும் சேர்த்துச் செய்யும் 'கடி'யையும் இதன் தாய் என்பார்கள். மேலே பார்த்த சான்றுகள் எல்லாம் தெற்கிலும் மேற்குக் கரையிலும் ஈழத்திலும் நிற்கின்றன. சோற்றோடு நிற்கின்றன.

"நம்மிடம் கர்ரி என்று ஒன்றும் கிடையாது" என்பவர்களின் கோபத்தில் ஒரு நியாயம் உண்டு, அதை மறுக்கவில்லை. ஒரே டப்பா மஞ்சள் பொடியைக் காட்டி, காஷ்மீரிலிருந்து கண்டி வரைக்கும் உள்ள சமையல் முழுவதற்கும் இதுதான் பெயர் என்றது பெரிய அநியாயம். லக்னோவில் ஒரு சமையல்காரர் தலைமுறை தலைமுறையாகச் செய்யும் கோர்மாவைக் கர்ரி என்று சொன்னால் அவருக்கு வலிக்கும், வலிக்க வேண்டும். ஆனால் அந்த வலியைச் சொல்லின்மேல் சுமத்தக்கூடாது. சொல் வெள்ளைக்காரன் கட்டியது அல்ல. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் நம் வீடுகளில் உயிரோடு இருந்த ஒரு பொருளை அப்படியே எடுத்துப்போய், இன்றுவரை பெரும்பாலும் கலையாமல் வைத்திருக்கிறார்கள். அதைக் குறுக்கிக்கொண்டது தமிழ்நாட்டில் நாம்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் பந்தி முகப்பில் சாப்பாட்டுப் பட்டியலை அழகாகத் தமிழில் எழுதி வைத்திருந்தார்கள். அதில் ஒரு வரி 'வெஜிடபிள் கர்ரி'. சின்ன ரகரத்தில், ஒற்றுப் போட்டு. உள்ளே போய்ப் பார்த்தால் பீன்ஸும் கேரட்டும் போட்ட தேங்காய்ப்பால் கூட்டு. கறியமுது என்று கல்லில் வெட்டியிருக்கும் அதே வகை.

பக்கத்தில் நண்பனின் அம்மா இருந்தார், அவர்கள் வீட்டுக்கும் அழைப்பு இருந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்தார். "இது என்ன தம்பி, கர்ரி?"

"மரக்கறிம்மா" என்றேன்.

"அப்பிடிச் சொல்லுங்கோவன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்தார்.